தங்கலாமா என்று பார்க்க வந்த ஆறு மாதம்

திண்டுக்கல் ஜங்ஷனில் நாங்கள் இறங்கியபோது எங்களோடு ஐந்து தகரப் பெட்டிகள், ஒரு தையல் மிஷின், இரண்டு பிள்ளைகள். அண்ணன் இரண்டு குதிரைவண்டி பிடித்து வைத்திருந்தார்.

"லீவுக்கு வாரதுக்கு எதுக்குத்தா தையல் மிஷினு?" என்று கேட்டார்.

"பழுது பாக்கணும்ணே" என்றேன்.

அது பொய். மலேயாவிலிருந்து ஆறு மாத லீவில் வருகிறோம் என்றுதான் எல்லாருக்கும் எழுதியிருந்தோம். இங்கேயே தங்கிவிட முடியுமா என்று பார்க்கத்தான் வந்தோம் என்பது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். சொல்லிவிட்டுத் தங்க முடியாமல் போனால் ஊர் சிரிக்கும் என்று அவர் நினைத்தார். எனக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. தங்குவது என்று நான் கப்பலிலேயே முடிவு கட்டியிருந்தேன்.

நான் பிறந்தது குஜிலியம்பாறைப் பக்கம். மழை பெய்தால் சோளமும் கம்பும், பெய்யாவிட்டால் ஒன்றும் இல்லை. அவருக்குச் சித்தையன்கோட்டை. யுத்தத்துக்கு முன்பே, பதினேழு வயதில், சித்தப்பாவோடு கப்பலேறிப் போனவர். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு கழுவுகிற வேலையில் சேர்ந்து, பார்த்துப் பார்த்துக் கற்று, பரீட்சை எழுதி டிரஸ்ஸர் ஆனார். டிரஸ்ஸர் என்றால் தோட்டத்து வைத்தியர். பெரிய டாக்டர் வாரம் ஒருமுறை காரில் வந்துபோவார். மற்ற நாளெல்லாம் ரப்பர்த் தோட்டத்தில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், பிள்ளை பிறந்தாலும், கத்தி பட்டாலும் அவர்தான். ஐம்பதுகளின் தொடக்கத்தில் லீவில் வந்து என்னைக் கட்டிக்கொண்டு போனார். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. மலேயா மாப்பிள்ளை என்று ஊரில் என்னைப் பொறாமையாகப் பார்த்தார்கள்.

போய் இறங்கினால் முள்வேலி. காட்டுக்குள் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்ட்காரர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று தோட்டத்து ஜனங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி வேலி போட்டிருந்தார்கள். வேலைக்குப் போகிறவர்களின் தூக்குவாளியை வாசலில் திறந்து பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். எங்கள் வீடு லயத்தில் இல்லை. அவர் வைத்தியம் பார்த்த தோட்டத்து மருந்துக்கடைக்குப் பக்கத்தில் ஒரு மேட்டின் மேல் தனியாக இருந்தது. ஜன்னல், கதவு எல்லாம் வசதி. பேசத்தான் ஆள் இல்லை.

முதல் வாரம் நான் குழாயடிக்குத் துணி துவைக்கப் போனேன். லயத்துப் பெண்கள் சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. "டிரஸ்ஸரம்மா வாராங்க, நவுருங்க" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் வாளியை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். நான் துவைத்து முடிக்கும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. கிராணி என்று சொல்வார்களே, தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா, அவர் மனைவி யாழ்ப்பாணத்துக்காரர். நன்றாக இங்கிலீஷ் பேசுவார். என்னைப் பார்த்தால் தலையை அசைப்பார், அவ்வளவுதான். மூன்று வருஷம் நான் என் கோழிகளோடுதான் பேசினேன். அவை பதிலும் சொல்லும்.

மகள் பிறந்தாள். அதற்கடுத்த பிள்ளை ஏழாம் மாதத்திலேயே பிறந்து, ஒரு பகல் மட்டும் உயிரோடு இருந்தது. பிரசவம் பார்த்தது அவரேதான். அத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றிய கை. அன்று அவர் கையைக் கழுவிக்கொண்டே நின்றார், நிறுத்தவே இல்லை. அந்த மழைக்காலம் முழுக்க வீட்டில் ஒரு துணிகூடக் காயவில்லை. "என்னால இங்க இருக்க முடியாதுங்க, ஊருக்குப் போயிருவோம்" என்று அப்போதுதான் முதன்முதலாகச் சொன்னேன். "சரி, அடுத்த வருஷம்" என்றார். மகன் பிறந்த பிறகும் அடுத்த வருஷம்தான். வருஷா வருஷம் நான் கேட்பதும் அவர் அப்படிச் சொல்வதும் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

அதன் பிறகு நாடு சுதந்திரம் அடைந்தது. முள்வேலியைப் பிரித்தார்கள். வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்க ஆரம்பித்தார்கள். எங்கள் தோட்டமும் விலைபோனது. ஒரு துண்டை வாங்கியவனுக்கு ரப்பர் மரம் வேண்டும், டிரஸ்ஸர் எதற்கு? மருந்துக்கடையை மூடப் போகிறார்கள் என்று தெரிந்த அன்று அவராகவே சொன்னார்: "போயித்தான் பாப்போமே." பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை குத்தினார்கள். அதில் போட்டிருந்த நாளைக்குள் திரும்பி வந்தால் உள்ளே விடுவார்கள். அது தாண்டிவிட்டால் அவ்வளவுதான்.

இப்படித்தான் அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் வந்து இறங்கினோம்.

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் அண்ணன் எங்களுக்கு வீடு பார்த்து வைத்திருந்தார். பின்கட்டுக் கிணற்றில் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீருக்குத் தெருக்குழாயில் நிற்க வேண்டும். இரண்டாம் நாள் குடத்தோடு போய், டிரஸ்ஸரம்மா என்று எல்லாரும் வழிவிட்ட பழக்கதோஷத்தில் நேரே முன்னால் போய் நின்றுவிட்டேன்.

"ஏ, யாருடி அவ? இம்புட்டுப் பேரு நிக்கிறது கண்ணுக்குத் தெரியல? பின்னால போ!" என்று ஒருத்தி என் குடத்தைப் பிடித்து இழுத்துத் தள்ளினாள்.

நான் கோபப்படவில்லை. கடைசியில் போய் நின்று சிரித்துக்கொண்டே இருந்தேன். பைத்தியமோ என்றுகூட நினைத்திருப்பார்கள். பத்து வருஷத்தில் என்னை யாரும் அப்படி உரிமையாகத் திட்டியதில்லை. ஒரு மாதத்துக்குள் அந்தக் குடத்தைத் தள்ளியவளே எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைக்க ஆரம்பித்தாள். மல்லிகைப் பூ முழம் போட்டு வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, வெயிலில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுகிற புடவையை மடித்துவைக்கும்போது, வாழ்க்கை என்றால் இதுதான் என்று இருந்தது எனக்கு.

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். முதல் நாளே அழுதுகொண்டு வந்தாள். அங்கே மலாய்க்காரர் கிராமத்தைக் கம்பம் என்றுதான் தமிழர்களும் சொல்வோம். இவள், "என் சிநேகிதி கம்பத்துல இருக்கா" என்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் நம்ம மதுரை ஜில்லாவில் இருக்கிற கம்பம் ஊர் என்று நினைத்து, "அங்க யாரு வீடு? எந்தத் தெரு?" என்று விசாரித்திருக்கிறார். "அது கடலுக்கு அந்தாண்டை" என்று இவள் சொல்ல, வகுப்பே சிரித்திருக்கிறது. பொய்க்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. "நம்ம எப்பம்மா ஊருக்குப் போவோம்?" என்று கேட்டாள். நான் பத்து வருஷமாகக் கேட்ட அதே கேள்வி என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. "இதுதாண்டி ஊரு" என்று அதட்டினேன்.

அவர் வேலை தேடி அலைந்தார். மலேயாவில் வாங்கிய சர்டிபிகேட் இங்கே செல்லாது என்று போகிற இடமெல்லாம் சொன்னார்கள். கடைசியில் டவுனில் தனியாக ஆஸ்பத்திரி வைத்திருந்த ஒரு டாக்டர், கம்பவுண்டராக வருகிறீர்களா என்று கேட்டார். நல்ல மனிதர். ஏழைகளிடம் கறாராக இருக்க மாட்டார். இவரும் சரி என்று சேர்ந்தார்.

காலை எட்டு மணிக்குப் போவார். டாக்டர் சீட்டில் எழுதுகிறபடி மிக்சர் கலக்க வேண்டும். எத்தனை வேளை என்று தெரிகிற மாதிரி காகிதத்தைப் பல் பல்லாக வெட்டிப் பாட்டிலில் ஒட்ட வேண்டும். பொடியை மடித்துக் கொடுக்க வேண்டும். "ஏப்பா கம்பவுண்டரு, சீக்கிரம் குடுப்பா, பஸ்ஸுக்குப் போகணும்" என்று ஜனங்கள் அவசரப்படுத்துவார்கள். அவர் அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. ஆனால் தோட்டத்தில் இருந்தபோது, மத்தியானம் சாப்பிட வந்தால், அன்று வந்த ஒவ்வொருவரைப் பற்றியும் சொல்வார். யாருக்குக் காய்ச்சல் இறங்கியது, யாருக்குப் புண் ஆறவில்லை, எல்லாம் எனக்கு அத்துப்படி. திண்டுக்கல்லில் சோறு, வெஞ்சனம் எல்லாம் இறங்கும், பேச்சு மட்டும் வராது. "இன்னிக்கு யாரு வந்தா?" என்று நானாகக் கேட்டால், "வந்தாங்க" என்பார்.

மூன்றாவது மாதம் அது நடந்தது. டாக்டர் வத்தலக்குண்டுப் பக்கம் ஒரு நோயாளியைப் பார்க்கக் காரில் போயிருந்தார். காலை பத்து மணி இருக்கும். ஆயக்குடிப் பக்கத்துக்காரர்கள், உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குத் திண்டுக்கல் வந்தவர்கள், மூன்று வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்கள். முந்தின நாளிலிருந்து வாந்தி பேதி. கண் குழிவிழுந்து, நாக்கு வறண்டு, கிள்ளினால் தோல் கிள்ளினபடியே நிற்கிறது.

"ஏனுங்க, டாக்டருங்க, பிள்ளை கண்ணே தொறக்க மாட்டீங்குது, பாருங்க" என்று அந்தத் தாய் இவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் டாக்டர் இல்லம்மா" என்று சொல்லியிருக்கிறார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். ஆனால் வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்து, சீட்டு வாங்கி நிற்கிற வரைக்கும் அந்தப் பிள்ளை தாங்காது என்று அவருக்குத் தோன்றியது. இப்படி எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தவர். கையைக் கழுவினார். ஊசியைக் கொதிக்க வைத்தார். தொடையில் தோலுக்கடியில் உப்புநீரை ஏற்றினார். சொட்டுச் சொட்டாக வாயிலும் கொடுக்கச் சொன்னார். மத்தியானம் பிள்ளை சிறுநீர் கழித்தது. அழுதது. அழுகையில் கண்ணீரும் வந்தது என்று அந்த ஒரு விஷயத்தை மட்டும் அன்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

டாக்டர் திரும்பி வந்து பிள்ளையைப் பார்த்தார். எல்லாம் சரியாகச் செய்திருப்பதையும் பார்த்தார். பிறகு இவரைத் தனியே உள்ளே கூப்பிட்டார்.

"நானா இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பேன். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா அந்தக் குழந்தை போயிருந்தா, கம்பவுண்டர் ஊசி போட்டுக் கொன்னுட்டான்னுதான் ஊர் சொல்லும். நீங்களும் நானும் கோர்ட்டுல நிக்கணும். இனிமே செய்யாதீங்க. கெஞ்சிக் கேக்குறேன்."

இவர், "சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டில் என்னிடம் சொன்னபோது, "அவர் சொன்னது நியாயந்தான்" என்றார். ஒரு வாரம் கழித்து அந்தப் பிள்ளையின் அப்பா ஒரு கூடை கொய்யாப்பழம் கொண்டுவந்து டாக்டரிடம் கொடுத்தாராம். "இது எனக்கு இல்ல, அவருக்கு" என்று டாக்டர் இவரைக் காட்டினாராம். கூடை எங்கள் வீட்டுக்கு வந்தது. பிள்ளைகள் தின்றார்கள், நான் தின்றேன். அவர் ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை குஜிலியம்பாறைப் பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போனோம். அண்ணன் எங்களைச் சோளக்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மூன்று வருஷமாக மழை சரியில்லை, கிணற்றில் படி முழுக்கத் தெரிந்தது. அப்படியும் அண்ணன் சொன்னார்: "ஏத்தா, கெணத்து மேட்டுல ஒரு துண்ட ஒனக்குன்னு ஒதுக்கித் தாரேன். மாப்ள டவுன்ல வேல பாக்கட்டும். நீ பேசாம இங்கிட்டே இருந்துரு." நாங்கள் எதற்கு வந்தோம் என்பது அவருக்கு எப்போதோ தெரிந்துபோயிருக்கிறது.

அண்ணன் வீட்டுக்குத் திரும்பினால் வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர். மலேயா டாக்டர் வந்திருக்கிறார் என்று யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள். ஊசியில்லை, மருந்தில்லை என்று இவர் சொல்லிப் பார்த்தார். பார்த்து மட்டுமாவது சொல்லுங்கள் என்றார்கள். கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கண்ணை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். இன்னாருக்கு இரத்தம் இல்லை, இன்னாருக்குப் பூச்சி, இந்தக் கட்டியை இப்போதே பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும், விடக் கூடாது என்று சொன்னார். ஒரு கிழவர் ஏதோ சொல்ல, இவர் வாய்விட்டுச் சிரித்தார்.

அடுப்படியில் இருந்து என்னோடு பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் மனைவி, என் மதினி, "ஏத்தா, அந்த மனுசன் சிரிச்சு இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றாள். நான் விறகை அடுப்புக்குள் தள்ளினேன். "கோவிச்சுக்கிராத. நீ இங்க இருந்தா எனக்கும் ஒரு தொணதான். ஆனா அவரு வந்ததுல இருந்து, எங்கிட்டுப் பாக்குறதுன்னு தெரியாம நிக்கிற மாதிரியே நிக்கிறாரு."

அண்ணன் உற்சாகமாகிவிட்டார். "மாப்ள, இங்கயே ஒரு கொட்டக போட்டு வைத்தியம் பாருங்க! யாரு கேக்கப் போறா?"

"அது தப்பு மச்சான். அதுக்குச் சட்டம் எடங்குடுக்காது" என்று சொல்லிவிட்டு இவர் கை கழுவ எழுந்து போனார். போகும்போது அந்தச் சிரிப்பு இல்லை.

திண்டுக்கல்லுக்குத் திரும்புகிற பஸ்ஸில் அவர் மகனை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். பத்து வருஷம் நான் எப்படி இருந்தேனோ அப்படி அவர் இப்போது இருக்கிறார் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. நானாவது அழுதேன், கேட்டேன். அவர் அதுகூடச் செய்யவில்லை. எனக்காக ஒப்புக்கொண்டார், ஒப்புக்கொண்டதைச் செய்துகொண்டிருந்தார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் கிராணிக்கு ஒரு கடிதம் எழுதினேன். தோட்டம் விற்ற பிறகு அவர் கெடா மாநிலத்தில் வேறொரு தோட்டத்துக்கு மாறிப் போயிருந்தார். அங்கே டிரஸ்ஸர் வேலை ஏதாவது காலியாக இருக்கிறதா என்று கேட்டேன். அதைப் போட்டுவிட்டு நேரே டாக்டர் வீட்டுக்குப் போனேன். டாக்டர் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

"எங்க வீட்டுக்காரரப் பத்தி இங்கிலீஷ்ல நல்லபடியா ஒரு கடுதாசி எழுதித் தருவீங்களா? அங்க வேலைக்குக் காட்டணும். அவருக்குத் தெரியாது."

டாக்டர் பேனாவைத் தேடி எடுத்தார். "போக வேண்டியவர்தாம்மா. நான் சொன்னா விரட்டுற மாதிரி ஆயிடுமேன்னுதான் பேசாம இருந்தேன்" என்றார். உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார்.

பதில் வருவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. பாஸ்போர்ட்டில் இருந்த நாளுக்கு ஐந்து வாரந்தான் பாக்கி. வந்தது. பக்கத்துத் தோட்டங்கள் மூன்றுக்கும் சேர்த்து ஓர் ஆஸ்பத்திரி, அதில் ஆள் வேண்டும், உடனே புறப்பட்டு வரவும் என்று கிராணி எழுதியிருந்தார். கீழே அவர் மனைவி தமிழில் இரண்டு வரி சேர்த்திருந்தார். "நீங்கள் என்னோடு பேச மாட்டீர்கள் என்று நினைத்திருந்தேன். இங்கே வந்தால் வீட்டுக்கு வாருங்கள்."

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவரிடம் இரண்டு கடிதங்களையும் கொடுத்தேன். படித்தார். முகம் சிவந்துவிட்டது.

"யாரக் கேட்டு எழுதுன?"

"யாரையும் கேக்கல."

"நீதான பத்து வருஷமா ஊரு ஊருன்னு உசுர வாங்குன?"

"ஆமா, நாந்தான். இப்பவும் எனக்கு இங்கதான் பிடிச்சிருக்கு. ஆனா ஒங்கள இப்படிப் பாத்துக்கிட்டு எம்புட்டு நாளைக்கு இருக்கிறது?"

அவர் கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது.

"ஒண்ணு மட்டும் வேணும்" என்றேன். "மேட்டு வீடு வேண்டாம். லயத்துப் பக்கமா வீடு கேளுங்க. சின்னதா இருந்தாலும் சரி. நாலு பேரு சண்ட போடுற சத்தமாச்சும் கேக்கணும் எனக்கு."

"கேக்குறேன்" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது. நான் மோர் எடுத்துவரப் போய்விட்டேன்.

அண்ணன் ஸ்டேஷனுக்கு வரவில்லை. நிலம் தருகிறேன் என்று சொன்ன பிறகும் போகிறாளே என்று கோபம். மதினி மட்டும் முறுக்கும் எள்ளுருண்டையும் கட்டி எடுத்துக்கொண்டு வந்து, ரயில் நகரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் சந்தோஷத்தில் குதித்தாள். அவளை ஓர் அறை அறைய வேண்டும்போல இருந்தது எனக்கு.

கெடாவில் லயத்துக்கு அடுத்தாற்போலவே வீடு கிடைத்தது. முதல் வருஷம் கஷ்டமாகத்தான் இருந்தது. புதுசாக வந்தவள் என்று இங்கேயும் தள்ளித்தான் வைத்தார்கள். இந்தத் தடவை நான் ஒதுங்கவில்லை, குழாயடியில் வரிசையில் நின்றேன். யாராவது நகர்ந்தால், "நீங்க பிடிங்க, செத்த நேரம் நிக்கிறதுல எனக்கு ஒண்ணும் ஆயிராது" என்று பேச்சுக் கொடுத்தேன். கடிதம் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுத்தேன். பெண்கள் வர ஆரம்பித்தார்கள். குடியுரிமைக்கு அவர் முதலில் மனுப் போட்டார். நான் இரண்டு வருஷம் தள்ளிப்போட்டேன். பிறகு நானும் போட்டேன். கையெழுத்துப் போட்ட அன்று முழுக்க யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

அண்ணன் மட்டும் எழுதவே இல்லை. மதினி சொல்ல யாராவது எழுதுவார்கள், அதில் அண்ணன் பெயர் இருக்காது. அறுபதுகளின் கடைசியில் அவர் மகள் கல்யாணத்துக்கு நான் மட்டும் வந்தேன். கோபத்தோடு இருப்பார் என்று பயந்துகொண்டே இறங்கினேன். ஸ்டேஷனுக்கு அவரே வந்திருந்தார், காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டு. முழங்காலுக்குக் கீழே ஒரு புண். எட்டு மாதமாக ஆறவில்லை.

"மாப்ளைக்கு எழுதிக் கேளுத்தா" என்றார் வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

எழுதினேன். புண் எவ்வளவு அகலம், ஓரம் எப்படி, சீழ் வாடை இருக்கிறதா, தாகம் அதிகமா, இரவில் எத்தனை தடவை எழுந்து போகிறார் என்று கேட்டுப் பதில் வந்தது. படித்துக் காட்டினேன். முதலில் சர்க்கரை இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும், அதற்கு டவுன் டாக்டரிடம் போகவும் என்று கடைசியில் அடிக்கோடு போட்டிருந்தார். அண்ணன் போனார். சர்க்கரை இருந்தது. நான் கப்பலேறுவதற்குள் புண் பாதி வற்றிவிட்டது.

அதற்குப் பிறகு அண்ணன் மாதம் தவறாமல் கடிதம் எழுத ஆரம்பித்தார். எனக்கு அல்ல, அவருக்கு. இடுப்பு வலி, கண் மங்கல், மதினிக்கு மூட்டு, பக்கத்து வீட்டுக்காரருக்கு இருமல் எல்லாம் அதில் இருக்கும். என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுப் பதில் எழுதுவார். கடைசியில் இடம் இருந்தால், "உங்கள் தங்கச்சி சௌக்கியம்" என்று ஒரு வரி எனக்காகச் சேர்ப்பார்.